உங்களுக்குத் தெரியுமா? – பனிக்காட்டு முகாமின் அடுப்படி

● பனிப்போர் நடந்த காலத்தில், சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வடதுருவம் வழியாக வந்துவிடுமோ என்ற அச்சம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இருந்தது. அதனால் அலாஸ்காவில் தொடங்கி ஆர்க்டிக் கரை நெடுக 60-க்கும் மேற்பட்ட ராடார் நிலையங்களை அமைத்தார்கள். ‘டியூ லைன்’ என்ற அந்த வரிசை 1957-ல் இயங்கத் தொடங்கியது. பெரிய நிலையங்களில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். இடைப்பட்ட நிலையங்களில் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே பேர்: நிலையத் தலைவர், மெக்கானிக், சமையல்காரர். ஆள்கணக்கை இதற்குக் கீழே குறைக்க முடியாது என்று நின்ற இடத்திலும் சமையல்காரரை விடவில்லை. வடகோடி வேலை முகாம்களில் சமையலறைக்கு என்ன இடம் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

● கனடாவின் முதல் வைரச் சுரங்கமான எகாட்டி 1998-ல் திறந்தது. பக்கத்திலுள்ள டயாவிக் சுரங்கம் 2003-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டும் யெல்லோநைஃப் நகரிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. வடகிழக்கே, மரமே வளராத துந்திரப் பகுதியில் இருக்கின்றன. டயாவிக் ஓர் ஏரித் தீவின் மேலேயே அமைந்திருக்கிறது. இந்தச் சுரங்கங்களுக்கு ஆண்டு முழுக்கப் போய்வரச் சாலை கிடையாது. ஏரிகள் உறைந்தபின் பனிக்கட்டியின் மேலேயே பாதை போடுகிறார்கள். 1982-ல் லூபின் தங்கச் சுரங்கத்துக்காக முதலில் போட்ட பாதை அது. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம்தான் அது திறந்திருக்கும். டீசல், சிமென்ட், வெடிமருந்து எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாவு, எண்ணெய், டின் சரக்கு போன்று கெடாத மளிகைக்கும் அதுதான் மலிவான வழி. பால், கீரை, பழமெல்லாம் விமானத்தில் வரும். பனிப்புயலில் விமானம் இறங்க முடியாவிட்டால் இருப்பதை வைத்துத்தான் சமையல்காரர் சமாளிக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள், அருகில் கடை என்று ஒன்றுமே இல்லை.

● அந்தப் பனிப்பாதையில் லோடு ஏற்றிய லாரி மணிக்கு 25 கி.மீ.தான் போகலாம். பனி வழுக்கும் என்பதற்காக மட்டும் வைத்த விதி அல்ல இது. லாரியின் எடையில் பனித்தட்டு லேசாக அமுங்கி, அடியில் இருக்கும் தண்ணீரில் ஓர் அலை எழும்பி லாரியோடு கூடவே ஓடும். வேகம் கூடினால் அந்த அலை கரையை நெருங்குமிடத்தில் பனியைப் பிளந்துவிடும். 2006-ல் குளிர் போதாமல் பாதையைச் சீக்கிரமே மூட வேண்டி வந்தது. மிச்சமிருந்த சரக்கைச் சுரங்கக்காரர்கள் பெரும் செலவில் விமானத்தில் கொண்டுபோனார்கள். மளிகைப் பட்டியலைப் பருவநிலையே தீர்மானிக்கும் ஊர் அது.

● மைனஸ் 40 டிகிரியில் குளிர்சாதன லாரிக்கு என்ன வேலை? உள்ளே இருப்பதைச் சூடாக வைத்திருக்கிற வேலைதான்! உறைந்தால் முட்டை ஓடு வெடித்துவிடும், கீரை கருத்துக் குழைந்துபோகும், உருளைக்கிழங்கு தண்ணீர் விடும். அதனால் அதே இயந்திரத்தைத் திருப்பி வெப்பமூட்டியாக ஓட்டுகிறார்கள்.

● யெல்லோநைஃபுக்கே 2012 வரை இடையறாத சாலைத் தொடர்பு கிடையாது. குறுக்கே மெக்கென்சி ஆறு. கோடையில் படகில் கடப்பார்கள், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே கடப்பார்கள். ஆறு உறையும் நாட்களிலும் உருகும் நாட்களிலும் இரண்டுமே முடியாது, காய்கறி வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். 2012 நவம்பரில் டெ சோ பாலம் திறந்தபிறகுதான் அந்தக் கவலை விட்டது.

● இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. வடக்குச் சுரங்கங்களில் பரவலாக இருக்கும் முறை இது. நாளுக்கு 12 மணி நேரம், இடையில் விடுமுறை இல்லை. 14 நாளில் 168 மணி நேரம் அடுப்பருகே நிற்கிறார் சமையல்காரர். விடிவதற்கு வெகு முன்பே காலை உணவு தயாராக இருக்க வேண்டும். பகல் ஷிஃப்டுக்குப் போகிறவர் முட்டையும் ரொட்டியும் சாப்பிடும் அதே நேரத்தில், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் இறைச்சியும் உருளைக்கிழங்குமாக ராத்திரிச் சாப்பாடு கேட்பார். ஒரே மேசையில் இரண்டு வேளை நடக்கும். ரொட்டி சுடுபவர் ஊர் தூங்கும்போது வேலை பார்த்து, விடியும்போது படுக்கப் போகிறார்.

இந்த முகாம்கள் பலவற்றில் மதுவுக்குத் தடை. குடும்பம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். டிசம்பரில் சூரியன் சில மணி நேரம்தான் தலைகாட்டும். அப்படிப்பட்ட நாளில் மனிதர் ஆவலோடு எதிர்பார்க்க மிஞ்சுவது சாப்பாட்டு மணி ஒன்றுதான். நல்ல சாப்பாடு போடாத முகாமில் ஆள் தங்க மாட்டார்கள் என்பது பழைய மரவெட்டி முகாம்களின் காலம் தொட்டே முதலாளிகளுக்குத் தெரியும்.

● வெளியே உறைகுளிர் என்றால் சமையலறைக்குள்ளும் ஒரு சங்கடம் உண்டு. கடுங்குளிர்க் காற்றில் ஈரம் ஏறக்குறைய இல்லை. அதையே உள்ளே இழுத்துச் சூடாக்கினால் அறை முழுதும் வறண்டுபோகும். பிசைந்து வைத்த மாவின் மேல் சீக்கிரமே தோல் கட்டிவிடும். ஈரத்துணி போட்டு மூடாமல் அங்கே மாவு புளிக்க வைக்க முடியாது.

● 19-ஆம் நூற்றாண்டில் கனடாவின் ஒட்டாவா பள்ளத்தாக்கில் மரம் வெட்டியவர்கள் ‘கேம்பூஸ்’ என்ற மரக்கட்டைக் குடிலில் தங்கினார்கள். நடுவில் மணல் பரப்பிய பெரிய அடுப்பு, அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு சதுரத் திறப்பு. சமைக்கவும் குளிர்காயவும் வெளிச்சத்துக்கும் அந்த ஒரே நெருப்புதான். இரும்புப் பானையில் பீன்ஸ் விதையையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் போட்டுச் சுடுமணலில் புதைத்துவிட்டால், இரவெல்லாம் அது தானே வெந்து காலையில் தயாராக இருக்கும். விறகைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, அடிப்பிடிக்காது. எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் கண்ட இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன்.

● வட அமெரிக்க மரவெட்டி முகாம்கள் பலவற்றில் சாப்பிடும்போது பேசக் கூடாது! உப்பைத் தள்ளு, ரொட்டியை எடு என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. வாய்ப்பேச்சு சண்டையில் முடியும் என்பது ஒரு காரணம். பந்தி சீக்கிரம் முடிந்தால்தான் சமையல்காரர் பாத்திரம் கழுவி அடுத்த வேளைக்கு மாவு பிசைய முடியும் என்பது இன்னொன்று. அந்த மேசையில் சட்டம் போட்டவர் சமையல்காரர், மேஸ்திரியும் அதற்கு அடங்கித்தான் சாப்பிட்டார்.

● 1898-ல் கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் தேடிச் சில்கூட் கணவாய் ஏறியவர்களைக் கனடா போலீஸ் உச்சியில் நிறுத்திச் சோதித்தது. ஓராண்டுக்கான உணவும் தளவாடமும், கிட்டத்தட்ட ஒரு டன், கையில் இல்லாவிட்டால் உள்ளே விடவில்லை. அத்தனை மூட்டையையும் பலர் தங்கள் முதுகிலேயே ஏற்றினார்கள், ஒரே சரிவில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி. மாவு மூட்டையோடு புளித்த மாவும் போயிற்று. ஈஸ்ட் கிடைக்காத நாட்டில் அது செத்தால் ரொட்டி இல்லை. கடுங்குளிரில் அதை உடம்போடு அணைத்துக் காத்தார்கள். அந்தப் புளித்த மாவின் ஆங்கிலப் பெயரான ‘சவர்டோ’வே பழகிய வடக்கத்து மனிதருக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

● நெல்லி காஷ்மன். இந்தப் பெயரை இன்னும் அதிகம் பேர் தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்தில் பிறந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே காசியர் தங்கவயல்களில் சாப்பாட்டு விடுதி நடத்தினார். 1874-75 குளிர்காலத்தில் அவர் தெற்கே விக்டோரியாவில் இருந்தபோது, வயல்களில் ஆட்கள் ஸ்கர்வி கண்டு கிடப்பதாகச் சேதி வந்தது. காய்கறி, பழம் கிடைக்காமல் ஈறு வீங்கிப் பல் ஆடி உயிரையே வாங்கும் நோய் அது. உடனே 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ சரக்கை வாங்கி, ஆறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பனியில் கிளம்பிவிட்டார். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்து அவரைத் திருப்பிக் கொண்டுவரப் படைவீரர்களை அனுப்பினார்கள். வந்தவர்கள் பார்த்தபோது அவர் உறைந்த ஸ்டிகீன் ஆற்றின் மேல் முகாமிட்டு ராத்திரிச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தாராம். அவர்களுக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார் என்கிறார்கள். 77 நாள் நடந்து போய்ச் சேர்ந்தார், நோயாளிகளைப் பராமரித்துத் தேற்றினார். வைட்டமின் சி என்ற ஒன்றை யாரும் கண்டுபிடித்திராத காலம் அது. உருளைக்கிழங்கும் எலுமிச்சைச் சாறும் நோயைத் தீர்க்கும் என்ற அனுபவ அறிவு மட்டும் போதுமானதாக இருந்தது.

● அலாஸ்காவைக் குறுக்கே கடக்கும் 1,287 கி.மீ. எண்ணெய்க் குழாய் 1975-க்கும் 1977-க்கும் இடையில் போடப்பட்டது. உச்சத்தில் 28,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். வழிநெடுக அமைத்த முகாம்களின் சாப்பாடு பெயர்பெற்றது. வேலை முடிந்ததும் முகாம்களைக் கலைத்தார்கள். அவற்றில் ஒன்று இருந்த கோல்ட்ஃபுட் என்ற இடத்தில், 1978-ல் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தை ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில் வென்ற டிக் மேக்கி, பழைய பள்ளிப் பேருந்து ஒன்றில் பர்கர் விற்க ஆரம்பித்தார். குழாய் வேலையில் மிஞ்சிய மரப்பெட்டிகளை வைத்து லாரி ஓட்டுநர்களே கூடி அங்கே உணவகம் கட்டினார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே லாரிகள் நின்று சாப்பிடும் இடமாக அது நிலைத்தது.

● 2016 மே 3. கனடாவின் ஃபோர்ட் மக்மரி நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சுமார் 88,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. தெற்கே போகும் ஒரே நெடுஞ்சாலையைத் தீ மறித்தபோது, ஏறக்குறைய 25,000 பேர் எதிர்த்திசையில், வடக்கே திரும்பினார்கள். அங்கே பெரிய ஊர் இல்லை, பெரும்பாலும் எண்ணெய்மணல் தொழிலாளர் முகாம்கள்தான் இருந்தன. தனியாள் தொழிலாளருக்கென்று கட்டிய அறைகளில் கைக்குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் நாய்களும் பூனைகளும் வந்து சேர்ந்தன. தங்கள் ஆட்களுக்கென்று கணக்குப் போட்டு வைத்த சரக்கில் முகாம் சமையலறைகள் அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டன. அங்கே வேலை செய்தவர்கள் பலருக்கும் வீடு அதே நகரில்தான், தன் வீடு நிற்கிறதா என்று தெரியாமலே பரிமாறினார்கள். சில நாட்களில் மக்களை விமானத்திலும், போலீஸ் காவலோடு எரிந்த நகரின் ஊடாகக் கார் வரிசையிலும் தெற்கே அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து தீ வடக்கேயும் வந்தது. 665 அறைகள் கொண்ட முகாம் ஒன்று மே 17 அன்று எரிந்துபோயிற்று. அந்தத் தீயைப் பற்றிப் பேசும்போது தீயணைப்பு வீரர்களைப் புகழ்கிறோம், அது நியாயம். அவர்களோடு அந்தச் சமையல்காரர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

● சமையல் கழிவைக் கொட்டினால் கரடியும் நரியும் வுல்வரின் என்ற முரட்டு விலங்கும் வாசம் பிடித்து வரும். ஒருமுறை ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டியதாகும். ஆகவே வைரச் சுரங்கங்களில் உணவுக் கழிவைச் சூளையில் எரித்துச் சாம்பலாக்குகிறார்கள். மிஞ்சிய சாண்ட்விச்சை வெளியே எறிவது அங்கே கடும் குற்றம்.

● கனடாவின் நூனாவுட் பகுதியிலுள்ள மெடோபேங்க் தங்கச் சுரங்கம் போன்ற இடங்களில் இனுயிட் பழங்குடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சமையலறை உண்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்த கரிபூ மான் இறைச்சியையும் ஆர்க்டிக் சார் மீனையும் தங்கள் வழக்கப்படி அங்கே செய்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் அது தூர தேசம், அவர்களுக்கோ சொந்த மண். அந்த மண்ணின் சாப்பாடு முகாமுக்குள் வர இத்தனை காலம் ஆனதுதான் வருத்தம்.

● இந்த வேலைக்குப் போக என்ன வேண்டும்? கனடாவில் ‘ரெட் சீல்’ என்ற தொழிற்சான்று எல்லா மாகாணங்களிலும் செல்லும், முகாம் வேலைகளுக்குப் பெரும்பாலும் அதைக் கேட்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சான்றும் வேண்டும். எண்ணெய் வயலாக இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுக் கசிவில் தப்பிக்கும் பயிற்சியையும் சமையல்காரரிடமே கேட்பதுண்டு. உதவியாளராகப் பாத்திரம் கழுவச் சேர்ந்து, மெல்ல அடுப்புக்கு நகர்ந்தவர்களும் நிறைய உண்டு.