பேஸ்மென்டில் வயதேறும் சிவப்பு வைன்: இதயத்துக்கு மருந்தா?



சங்கத்தின் தீபாவளி ஒன்றுகூடலில் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஓர் அன்பர் எம்மைப் பிடித்துக்கொண்டார். "டொக்டர், நாபாவில் இருந்து இரண்டு பெட்டி கபர்னே எடுப்பித்து பேஸ்மென்டில் வைத்திருக்கிறேன். பத்து வருடம் போனால் இதயத்துக்கு இன்னும் நல்லதாமே?" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, "டொக்டர் அண்ணா, இவர் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்திப்போட்டார், அதையும் கேளுங்கோ" என்றார். வரிசையில் நின்றபடி பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே இந்த இதழின் நலவாழ்வுப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

ஒன்றை முதலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பிரிட்ஜ்வாட்டரில் எமது வீட்டுப் பேஸ்மென்டிலும் இரண்டு டசின் போத்தல்கள் படுத்திருக்கின்றன. எனவே இது மதுவிலக்குப் பிரசாரம் அல்ல. (தமிழ்நாட்டு நண்பர்கள் 'ஒயின்' என்று எழுதுவார்கள், எங்கள் ஊர் வழக்கில் 'வைன்'. பொருள் ஒன்றுதான்.)

துவர்ப்புத் தெரிந்தவர்களுக்கு வைன் தெரியும்

நாம் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் குடி என்றால் கள்ளு, இல்லாவிட்டால் சாராயம். கள்ளு காலையில் இறக்கினால் அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டிய பொருள். வைத்தால் புளித்து வினாகிரியாகிவிடும். வைன் என்றால் தோலகட்டி ஆச்சிரமத்துப் போத்தல் ஒன்றுதான் எமக்குத் தெரியும். ஒரு குடிவகையைப் பத்து, இருபது வருடம் மூடிவைத்து நன்றாக்கலாம் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தோம்.

அப்படி வைக்கத்தக்க வைன் எது? திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. வெள்ளைக்காரர் இதை விளங்கப்படுத்தப் படும் பாட்டைப் பார்த்தால் எமக்குச் சிரிப்பு வரும். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்புத்தான் அது. வாழைப்பூ, நாவற்பழம், பாக்கு, நேரம் கூட ஊறிப்போன பால் விடாத தேத்தண்ணீர், இவை வாயில் செய்யும் அதே வேலையை இளம் கபர்னே சோவின்யோனும் செய்கிறது. உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்கிறது. உமிழ்நீரின் வழுவழுப்புப் போய் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடித்தது போல் ஆகின்றன.

போத்தலுக்குள் வருடங்கள் போகப் போக இந்த டானினும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று கோர்த்துப் பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு பகுதி மண்டியாக அடியில் தங்கிவிடுகிறது. அதனால்தான் பழைய வைனின் துவர்ப்பு மென்மையாகிறது. ஊதா கலந்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு வருகிறது. பச்சைப் பழ வாசனை குறைந்து உலர்ந்த பழம், தோல், புகையிலை, மழை பெய்த மண் என்று வேறு வாசனைகள் எழும்புகின்றன. இத்தாலியின் பரோலோ, பிரான்சின் போர்தோ, வட ரோன் பகுதியின் சிரா, கலிபோர்னியாவின் நல்ல கபர்னே ஆகியவை இந்த வகை. டானினும் புளிப்பும் பழச்செறிவும் மூன்றும் கூடி இருந்தால்தான் வைன் வயதைத் தாங்கும். கடையில் விற்கும் வைன்களில் மிகப் பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியவை. பதினைந்து டொலர் போத்தலைப் பத்து வருடம் பூட்டிவைத்தால் பத்து வயதான மோசமான வைன்தான் கிடைக்கும். பழையது எல்லாம் நல்லது என்பது அரிசிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

இங்கேதான் அந்த அன்பரின் கேள்விக்கு முதல் பதில் இருக்கிறது. இதயத்துக்கு நல்லவை என்று புகழப்படும் பொருள்கள் பெரும்பாலும் இந்த டானினும் நிறப்பொருளும் அடங்கிய கூட்டந்தான். அவை வயதோடு மாறிப்போய், மண்டியாக அடியில் இறங்குகின்றன. இறங்காமல் அப்படியே இருப்பது மதுசாரம் ஒன்றுதான். 15 வீதம் என்று லேபிளில் போட்டிருந்தால் இருபது வருடத்துக்குப் பிறகும் 15 வீதமே.

பேஸ்மென்டும் வெள்ளமும்

வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 55 பாகை ஃபாரன்ஹைட் (13 செல்சியஸ்) அளவில், கூடிக் குறையாத வெப்பநிலை வேண்டும். வெளிச்சமும் அதிர்வும் ஆகாது. தக்கை காயாமல் இருக்கப் போத்தலைப் படுக்கவைக்க வேண்டும். திருகுமூடி என்றால் நிறுத்தியும் வைக்கலாம். நியூ ஜெர்சி பேஸ்மென்ட் இதற்கு ஓரளவு வசதியானதுதான், ஆனால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் வைக்கக்கூடாது. கராஜும் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டும் ஜூலை மாதத்தில் வைனை அவித்துவிடும்.

இன்னொன்று, சுகாதார விஷயம். 2021 செப்டெம்பர் 1ஆம் திகதி இரவு ஐடா புயலின் மழையில் ராரிட்டன் ஆறு பெருகியதை இந்தப் பகுதியில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். எமது பேஸ்மென்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்து கீழ்த்தட்டுப் போத்தல்கள் மூழ்கின. லேபிள் கழன்றதுதானே, கழுவிவிட்டுக் குடிக்கலாம் என்று நண்பர்கள் வாதாடினார்கள். தக்கையோ திருகுமூடியோ வெள்ளநீரில் மூழ்கிவிட்டால், கழிவுநீர் கலந்த அந்த நீரின் கிருமிகள் மூடியின் ஓரத்தில் தங்கும், உள்ளேயும் போகலாம். அவற்றை எறிவதுதான் முறை. எறிந்தோம். நண்பர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள்.

சுவைப்பதற்கு விழுங்கத் தேவையில்லை

வைன் சுவைப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் ஒரு நாளில் ஐம்பது, அறுபது வைனைச் சுவைத்துத் துப்பிவிடுகிறார்கள். கிளாஸில் சிறிது ஊற்றி வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து ஓர நிறத்தைப் பாருங்கள். சுழற்றி மணந்து பாருங்கள். நனைந்த கார்ட்போர்ட் மணம் வந்தால் தக்கை கெடுத்த வைன், அதை விட்டுவிடலாம். ஒரு மிடறு எடுத்து வாய் முழுவதும் பரவ விட்டு, புளிப்பு எங்கே, துவர்ப்பு எங்கே, மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்துவிட்டுத் துப்புங்கள். எம்மவர் கூட்டத்தில் துப்புவது மரியாதையாகத் தெரியாது என்பது உண்மைதான். வெற்றிலை போட்ட பரம்பரைக்கு இதில் வெட்கம் எதற்கு? துப்பினாலும் சிறிதளவு மதுசாரம் உடம்பில் சேரும் என்பதை மட்டும் கார்ச் சாவியை எடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

ஆட்டிறைச்சிக் கறியோடு இந்த வைன் பொருந்துமா என்றும் கேட்கிறார்கள். இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும். ஆனால் எங்கள் மிளகாய்த்தூள் உறைப்பை 15 வீத மதுசாரம் இன்னும் எரியவைக்கும். எரிகிறதே என்று அடுத்த மிடறு. கிளாஸ் காலியாவது இப்படித்தான்.

விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். 2008இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில் ஒரே வைனை 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டொலர் என்றபோது கூடுதல் சுவையாக இருந்ததாகவே குடித்தவர்கள் சொன்னார்கள். 2012 ஜூனில், எமக்கு அதிக தூரமில்லாத பிரின்ஸ்டனில், லேபிளை மறைத்து நியூ ஜெர்சி வைன்களைப் பெயர்பெற்ற பிரெஞ்சு வைன்களோடு போட்டிக்கு வைத்தார்கள். சிவப்பு வகையில் மூத்தோன் ரொத்சில்டும் ஓ-பிரியோனும் முதல் இரண்டு இடம். மூன்றாவது எங்கள் மாநிலத்தின் ஹெரிட்டேஜ். விலையோ மிகக் குறைவு.

இதயக் கதை எங்கிருந்து வந்தது?

1991 நவம்பரில் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, பிரெஞ்சுக்காரர் கொழுப்பை நிறையத் தின்றும் அவர்களுக்கு மாரடைப்புக் குறைவு, காரணம் சிவப்பு வைனாக இருக்கலாம் என்று ஒளிபரப்பியது. மறு வருடம் பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோவின் கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. அமெரிக்காவில் சிவப்பு வைன் விற்பனை ஏறியது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளுக்குப் புகழ் சேர்ந்தது. நாங்களும் அதைப் படித்து நம்பியவர்கள்தாம்; நோயாளி கேட்டால் "ஒரு கிளாஸ் பரவாயில்லை, நல்லதுதான்" என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது.

பின்னர் என்ன நடந்தது? ஒரு லீற்றர் சிவப்பு வைனில் ரெஸ்வெரட்ரோல் சில மில்லிகிராம்தான். ஆய்வுகளில் கொடுத்த அளவைப் பெற நூற்றுக்கணக்கான போத்தல் வேண்டும். 2012இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம், இத்துறையில் பெயர்பெற்றிருந்த தனது ஆய்வாளர் ஒருவர் 145 இடங்களில் தரவுகளைப் புனைந்தோ திரித்தோ இருந்ததாக அறிவித்தது. 2014இல் இத்தாலியின் கியாந்தி பகுதியில், வைன் விளையும் ஊரிலேயே, 65 வயதுக்கு மேற்பட்ட 783 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. ரெஸ்வெரட்ரோல் உடம்பில் கூட இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழவுமில்லை, மாரடைப்புக் குறையவுமில்லை.

அளவாகக் குடிப்போர் நலமாக இருந்தார்கள் என்ற பழைய கணக்கிலும் ஓர் ஓட்டை. 'குடிக்காதவர்' பட்டியலில், நோய் வந்ததால் குடியை விட்டவர்களையும் சேர்த்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள்.

எங்களவருக்கு இது இன்னும் முக்கியம். 2007இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதியில் இந்தியா, இலங்கை உட்பட ஐந்து நாடுகளின் மக்கள் இருந்தார்கள். முதல் மாரடைப்பு தெற்காசியருக்கு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. மற்ற இடங்களில் பாதுகாப்புப் போலத் தோன்றிய மதுப்பழக்கம் தெற்காசியரிடம் எந்தப் பாதுகாப்பையும் காட்டவில்லை. அதோடு 2025 ஜனவரியில், அப்போதைய அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, மதுவால் ஏழு வகைப் புற்றுநோய்க்கான ஆபத்துக் கூடுகிறது என்று அறிவுறுத்தினார்: வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், மார்பகம், ஈரல், பெருங்குடல். வெற்றிலை பாக்கு, புகையிலை போட்ட வாய்க்கு முதல் பெயரைக் கவனிக்கச் சொல்கிறோம்.

உங்கள் கிளாஸை அளந்து பாருங்கள்

நாங்கள் மருத்துவர்கள் கேட்கும்போது எல்லோரும் சொல்வது "இடைக்கிடை ஒரு கிளாஸ்". எம்மிடம் வந்த ஒருவருக்கு வயது நாற்பத்தெட்டு, ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டியிருந்தது. எந்தக் கிளாஸ் என்று கேட்டோம். வீட்டில் தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டு வந்தார்: 280 மில்லிலீற்றர். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'பானம்' என்பது 12 வீத வைனில் 5 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர், 14 கிராம் மதுசாரம். அவருடைய 15 வீத கபர்னேயில் அந்த ஒரு கிளாஸ் கிட்டத்தட்ட இரண்டரைப் பானம். வயதைத் தாங்கும் வைன்கள் பல இப்படிக் கனமானவை. 15 வீதம் என்றால் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஆறுக்கு மேற்பட்ட பானங்கள், மதுசாரத்தால் மட்டும் 600 கலோரிக்கு மேல். அவர் மூன்று மாதம் முழுதாக நிறுத்தினார். எண் 200க்குக் கீழ் வந்தது. குளிசையை மாற்றவில்லை.

எங்கள் இன்னொரு பழக்கம், வீணாக்கக்கூடாது என்பது. சோற்றுப் பருக்கையை மிச்சம் விடாமல் வளர்ந்தவர்கள் 80 டொலர் போத்தலைத் திறந்துவிட்டு எப்படி விடுவது? தக்கையை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இளம் வைன் மூன்று, நான்கு நாள் தாங்கும். 375 மில்லிலீற்றர் அரைப் போத்தலும் கிடைக்கிறது. மிகப் பழைய போத்தலை எட்டுப் பேர் கூடும் நாளில் திறவுங்கள். இரண்டு பேர் இருக்கும் இரவில் வேண்டாம்.

சில மருந்துகளோடு இந்தப் பேச்சே கூடாது. கிளிபிசைட், கிளிமெபிரைட் அல்லது இன்சுலின் எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் நள்ளிரவில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மெட்ரோனிடசோல், வார்ஃபரின், தூக்கக் குளிசை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டாம். வழக்கமாகக் குடிப்பவர் தலையிடிக்கு டைலனோலை அள்ளிப் போடுவதும் ஈரலுக்குக் கேடு.

கடைசியாக, எழுதத் தயங்கிய ஒன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்து வந்தவர்களில் நாமும் ஒருவர். அப்படி வந்தவர்கள் பலருக்கு இன்றும் நித்திரை ஒழுங்கில்லை. கீழே பேஸ்மென்டில் தனியே இரண்டு கிளாஸ் எடுத்தால் கண் அயர்வது உண்மை. ஆனால் மதுசாரம் உடைந்து முடியும் பின்னிரவில் தூக்கம் கலைகிறது, கெட்ட கனவு கூடுகிறது, மறுநாள் அளவு ஏறுகிறது. சேகரிப்பு என்ற பெயர் இருப்பதால் வீட்டாரும் கேட்பதில்லை. அப்படி யாராவது இருந்தால் ஒன்று: தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தக்கூடாது. நடுக்கம், வலிப்பு வரலாம். குடும்ப மருத்துவரிடம் உண்மை அளவைச் சொல்லுங்கள். மருந்தோடு படிப்படியாக நிறுத்த வழி இருக்கிறது.

வரிசையில் கேட்ட அன்பருக்கு: போத்தல்கள் படுத்திருக்கட்டும், குளிசையை இன்று இரவே மீண்டும் தொடங்குங்கள். அடுத்த இதழில் ட்ரைகிளிசரைட் பற்றி எழுதுவோம். கேள்விகளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம்.