'வெளியே போகிறாய்' என்ற ஒரே சொல்

காதலி சிரித்துக்கொண்டே தெருவில் இறங்குகிறாள். காதலனுக்குப் பயம். அவள் கன்னத்தில் விழும் குழியை ஊரே பார்த்துவிடுமே! அப்புறம் அவள் முடியைக் கலைக்கும் காற்றின் மேல் பொறாமை, கழுத்தைச் சுற்றிய தங்கத்தின் மேல் பொறாமை, கடைசியில் அவள் உதட்டில் படுகிற தண்ணீர் மேல்கூட.

ரொசாலியா 2018-ல் பாடிய 'பியென்சோ என் து மிரா' பாட்டின் சாரம் இதுதான். 'உன் பார்வையை நினைக்கிறேன்' என்று பொருள். பார்வைக்கு ஸ்பானிய அகராதிச் சொல் 'மிராதா'. அந்தலூசியப் பேச்சில் நடுவில் இருக்கும் 'த' கரைந்து 'மிரா' ஆகிவிடும். ஃப்லமென்கோ பாட்டின் மொழியே இந்தப் பேச்சுமொழிதான். (ரொசாலியா பார்சிலோனா பக்கத்துக்காரர், ஹிதானோ எனப்படும் ஸ்பெயின் ஜிப்சி இனத்தவரும் இல்லை. எங்கள் உச்சரிப்பை எடுத்துக்கொண்டார் என்று அவர்களில் சிலர் கோபப்பட்டதும் உண்டு. அது தனிக் கதை.)

மொழி தெரியாமல் கேட்டால் இது அசல் காதல் பாட்டு. மென்மையான குரல், பின்னால் 'பால்மாஸ்' என்கிற கைத்தட்டுத் தாளம். பொறாமைக்காரனின் வரிகளை ஒரு பெண் கொஞ்சிப் பாடுகிறார். நமக்கும் அவன் மேல் இரக்கம் வந்துவிடுகிறது. பாட்டு வைக்கும் பொறியே அதுதான் என்று நினைக்கிறேன்.

'எல் மால் கெரேர்' ஆல்பத்தில் மொத்தம் 11 பாட்டு, ஒவ்வொன்றும் ஒரு அத்தியாயம். இது மூன்றாவது, துணைத்தலைப்பு 'பொறாமை'. இரண்டாவது 'கல்யாணம்', நான்காவது 'சண்டை'. அந்த நான்காவது பாட்டின் பெயர் 'தெ அகீ நோ ஸாலெஸ்', அதாவது 'இங்கேயிருந்து நீ வெளியே போகமாட்டாய்'. பின்னணியில் மோட்டார் பைக் உறுமுகிறது. இப்போது பழைய பாட்டுக்குத் திரும்பிப் போங்கள். நீ தெருவுக்குப் போகும்போது பயமாயிருக்கிறது என்றானே, அங்கேயும் அதே வினைச்சொல், அதே வடிவம்: 'ஸாலெஸ்'. முன்னால் ஒரு 'நோ' சேர்ந்ததும் ஏக்கம் பூட்டாகிவிட்டது. ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஆல்பத்துக்கு அடிப்படை, 13-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸிதான் மொழியில் எழுதப்பட்ட 'ஃப்லமென்கா' என்ற கதைக்கவிதை. பெயரை வைத்து ஃப்லமென்கோ இசையோடு முடிச்சுப் போட வேண்டாம், அந்த இசை பல நூற்றாண்டு பிந்தியது. கதையில் ஆர்ச்சம்போ என்ற பிரபு கல்யாணமான கையோடு பொறாமையில் பைத்தியமாகிறான். குளிப்பதில்லை, தாடி மழிப்பதில்லை. மனைவி ஃப்லமென்காவைக் கோபுரத்தில் அடைக்கிறான். சர்ச்சுக்கு விடுவான், அங்கேயும் காவல். கியெம் என்ற இளைஞன் சர்ச் உதவியாளனாக வேஷம் போட்டு வருகிறான். பூசையின் நடுவே முத்தமிடுவதற்காகப் புனித நூலை அவளிடம் நீட்டும் அந்த ஒரு கணத்தில் இரண்டே அசை பேசுகிறான். அவள் பதில் அடுத்த பூசையில், அதுவும் இரண்டே அசை. இப்படியே மாதக்கணக்கில் ஒரு உரையாடல்! இதைப் படித்தபின் சாட் விண்டோவில் மூன்று புள்ளி துடிப்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளக் கூச்சமாயிருக்கிறது.

கியெமுக்கு அவளிடம் காது மட்டும்தான் தேவைப்பட்டது. பாட்டில் வருகிறவனோ அவளைப் பற்றி அவ்வளவு பாடியும் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

கவிதைக்கு மிஞ்சியிருப்பது ஒரே கையெழுத்துப் பிரதி, பிரான்ஸின் கார்கசோன் நூலகத்தில். முதல் ஏடுகளும் கடைசி ஏடுகளும் அதில் இல்லை. ஃப்லமென்கா கடைசியில் என்ன ஆனாள் என்று அதில் கிடையாது. ரொசாலியா 11-ஆம் அத்தியாயத்தில் தன் முடிவைத் தானே வைத்துக்கொண்டார். துணைத்தலைப்பு 'அதிகாரம்'. அங்கே கைத்தட்டு கிடையாது, அவள் குரல் மட்டும்.