உங்கள் கூந்தல் எந்த ரகம்?

அடுத்த வீட்டு மாமியின் பின்னல் நீளமாயிருக்கிறதே என்று, அவர் தேய்க்கும் தைலத்தையே நீங்களும் வாங்கிவிடாதீர்கள்! முதலில் உங்கள் தலையின் சுபாவத்தை அறிந்துகொள்ளுங்கள்.

தலைக்குக் குளித்த மறுநாள், எண்ணெய் தடவுமுன், மெல்லிய காகிதத்தை உச்சியில் அழுத்திப் பாருங்கள். பிசுக்குப் படிந்தால் எண்ணெய்ப் பசையுள்ள தலை. வாரம் இரண்டு மூன்று முறை அலசுங்கள். படியாவிட்டால் வறண்ட தலை; குளிக்குமுன் தேங்காயெண்ணெய் தடவி, வாரம் ஒரு முறை அலசினால் போதும். சுருட்டை முடியா? ஈரமாயிருக்கும்போதே அகன்ற பல் சீப்பால், நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுங்கள்.

தினம் 50 முதல் 100 முடி உதிர்வது சகஜமே. பிரசவத்துக்குப் பின் அதிகம் கொட்டினாலும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் பழையபடி வளர்ந்துவிடும். ஆனால் வகிடு அகன்றுகொண்டே போனால், தைலத்தைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்!