கணக்கப்பிள்ளை எழுந்து போன வீடு

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் குடியிருக்கும் ஆச்சி ஒருவர், நோயில் விழுந்த கணவருக்கு இரண்டாண்டுக் காலம் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்து, அவர் காலமாகி ஒன்றேகால் வருஷம் கழிந்த பின்னர், பரணிலிருந்து பழைய ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு ஐந்தையும் இறக்கித் தூசி தட்டி வைத்துக்கொண்டு, சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, கண்ணு பாட்டுக்கு ஓடுது. வரி முடியுது, பக்கமும் முடியுது. என்ன படிச்சேன்னு யோசிச்சா ஒண்ணுமே இல்லை. புரை எடுத்தாச்சு, கண்ணாடியும் மாத்தியாச்சு. எனக்கு மூளைதான் மழுங்கிப் போச்சா?”

அவருடைய தாயார் வாரந்தோறும் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்து வைத்த பைண்டுகள் அவை. சிறுமியாயிருந்தபோது விளக்கடியில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட குரல் காதில் விழாமல் அவற்றைப் படித்தவர் அந்த ஆச்சி. அவர் குரலில் இருந்த அச்சம் எனக்குப் புதிதன்று. என் தாயாரின் கடைசி மாதங்களுக்குப் பின்னர் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நானும் நாவல் ஒன்றில் பத்துப் பக்கம் தாண்ட மாட்டாமல் இருந்திருக்கிறேன். ஆகையால், விஞ்ஞானம் இவ்விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது எதுவோ அதை மாத்திரம் அவருக்குச் சொன்னேன். இங்கே எழுதுவதும் அதுவே.

வாசிக்கும்போது நம் பார்வை வரியின்மீது வழுவழுவென்று உருண்டு செல்வதாகத் தோன்றுவது வெறும் பிரமை. உண்மையில் கண் தாவுகிறது, தாவி நிற்கிறது, மறுபடியும் தாவுகிறது. ஒவ்வொரு தரிப்பும் சராசரியாகக் கால் விநாடி. ஒவ்வொரு தாவலும் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. ஆங்கிலம் படிப்பவர்களிடம் அளந்து பார்த்தபோது, ஒரு தாவல் ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடப்பதாகத் தெரிந்தது. சந்தி சேர்ந்து நீண்ட நம் தமிழ்ச் சொற்கள் பலவற்றில் கண் ஒரே சொல்லுக்குள் இரண்டு இடத்தில் நின்று போகவேண்டியிருக்கும். தாவுகிற அந்தக் கணத்தில் பார்வை ஏறக்குறைய அடைக்கப்பட்டுவிடுகிறது. நிற்கும்போதும் தெளிவாகத் தெரிவது விழித்திரையின் நடுக்குழியில் விழும் சிறு வட்டம் மாத்திரமே. கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. இன்னொன்றும் உண்டு: பத்துத் தாவல்களில் ஒன்றாவது, சில சமயம் அதற்கு மேலும், முன்னே செல்லாமல் பின்னோக்கித் திரும்புகிறது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

செட்டிநாட்டு வீட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. வாசற்படிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில். இரவு நேரம், விளக்குகள் இல்லை. வளவைச் சுற்றியுள்ள தூண் ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதி ஒட்டியிருக்கிறது. பெட்டியடிப் பையன் ஒருவன் கையில் அரிக்கேன் விளக்கோடு தூணுக்குத் தூண் ஓடுகிறான். ஓடும்போது விளக்கைத் துண்டால் மூடிக்கொள்கிறான்; நின்றதும் துண்டை விலக்கி, தூணில் உள்ள சொல்லை உரக்கப் படிக்கிறான். வளவின் ஓரத்தில் சாய்வுமேஜைக்கு முன் அமர்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை அதைக் கேட்டுத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்கிறார். ஆனால் மேஜையோ மிகச் சிறியது. ஒரே சமயத்தில் நாலு சீட்டுக்கு மேல் அதில் இடமில்லை. விஞ்ஞானிகள் செயல்நினைவு என்று வழங்குவது இந்த மேஜையைத்தான். நாலு என்ற கணக்கு 2001இல் நெல்சன் கோவன் என்ற உளவியலறிஞர் பல சோதனைகளைத் தொகுத்துக் கண்டது. ஆகவே சீட்டு சேரச் சேரக் கணக்கப்பிள்ளை அவற்றைக் கூட்டிப் பேரேட்டில் பதிந்துவிட்டு மேஜையைக் காலி செய்துகொண்டே இருக்கவேண்டும். யார் யாருக்கு உறவு, யார் எந்த ஊரில் இருக்கிறார், எவர்மீது எவருக்குப் பகை என்பவையெல்லாம் ஏறியிருப்பது அந்தப் பேரேட்டில். நாவலை முடித்து மூடும்போது நம் நெஞ்சில் நிற்பது அதன் ஐந்தொகை.

பையன் தூணில் நிற்கும் நேரத்தை நிச்சயிப்பது யார் என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. ‘வீடு’, ‘வந்தான்’ போன்ற பழகிய சொற்களில் அவன் சிறிதே நிற்கிறான். அரிய சொல்லிலும் நீண்ட சொல்லிலும் அதிக நேரம் தங்குகிறான். உள்ளே இருப்பவர், “என்னப்பா அது? இன்னொரு தரம் சொல்லு” என்று கேட்பதால்தான் அந்தத் தாமதம். கணக்கு இடித்தால், “போய் முந்தின தூணைப் பார்த்துவிட்டு வா” என்கிறார். கண் பின்னோக்கித் தாவுகிறது. ஆக, கண்ணின் ஓட்டத்திலேயே கேட்பவரின் கவனம் எழுதப்பட்டிருக்கிறது.

இப்பொழுது, மூன்றாங்கட்டிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டாமல் நிற்கிற ஒரு தொகை, இன்னும் கையெழுத்தாகாத ஒரு பத்திரம், கடைசி இரவில் சொல்லியிருக்கவேண்டிய ஒரு வார்த்தை. கணக்கப்பிள்ளை எழுந்து போய்விடுகிறார். பையனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவன் வழக்கம்போல ஓடுகிறான், நிற்கிறான், உரக்கப் படிக்கிறான். வரி முடிகிறது, பக்கமும் முடிகிறது. பேரேட்டில் ஒரு பதிவும் இல்லை.

இது உவமைக்காகச் சொன்னதன்று. 2010இல் எரிக் ரெய்க்கிளும் வேறு இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலை நாலு பேர் முழுமையாகப் படித்தார்கள். பல அமர்வுகளில் அவர்கள் கண்ணசைவு முழுவதையும் கருவி பதிந்தது. மனம் வேறெங்கோ போயிருப்பதை உணர்ந்தபோது அவர்கள் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். இடையிடையே கருவியும் அவர்களைக் கேட்கும். மனம் போயிருந்த நேரங்களில் கண் நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தது. தரிப்புகள் மட்டும் நீண்டிருந்தன. முக்கியமாக, சொல் அரியதா பழகியதா, நீண்டதா குறுகியதா என்பதற்கேற்ப அவை மாறுவது குறைந்துபோயிற்று. நாலு பேர் என்பது சிறிய தொகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கேள்வி கேட்பவர் இல்லாத வீட்டில் பையன் எல்லாத் தூணிலும் ஒரே மாதிரி நிற்கிறான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் அறியேன்.

சரித்திரத்தை விரும்புவோர்க்காக ஒரு பத்தி: கண் தாவித் தாவித்தான் படிக்கிறது என்பது 1879ஐ ஒட்டிப் பாரிஸ் நகரத்துக் கண் மருத்துவர் லூயி எமில் ஜவால் எழுதிய கட்டுரைகளால் பரவிற்று; நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியதும் அந்த 1879இல்தான். அமெரிக்காவில் எட்மண்ட் ஹ்யூயி என்பவர் கண்ணின்மேல் சிறு கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதில் முள்ளை இணைத்துத் தாவல்களைப் பதியவைத்து, 1908இல் வாசிப்பைப் பற்றி நூல் எழுதினார். இவ்வளவு போதும்.

கவலை செயல்நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை மைக்கேல் ஐசெங்க், மனுவேல் கால்வோ இருவரும் 1992இல் ஒரு கோட்பாடாகவே வகுத்துரைத்தார்கள். அறிவு குறைவதில்லை, அதே காரியத்துக்கு அதிகப் பிரயத்தனம் தேவைப்படுகிறது என்பது அதன் சாரம். ஆச்சிக்கு நான் முதலில் சொன்ன பதிலும் அதுதான்: மழுங்கியது ஒன்றுமில்லை, நாலு சீட்டு மேஜையில் மூன்று சீட்டுகளை வேறு கணக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியாயின், அவர் புது நாவலை விட்டுப் பழைய நாவலை எடுத்தது ஏன்? இங்கேதான் அவருடைய உள்ளுணர்வு எந்த மருத்துவரின் யோசனைக்கும் குறைந்ததன்று. எந்தக் கதையிலும் மிகவும் பாரமான பகுதி அதன் தொடக்கமே. முதல் வாக்கியங்களில் வாசகர்கள் மெதுவாகச் செல்கிறார்கள் என்பதைப் பல சோதனைகளில் கண்ட மார்ட்டன் கெர்ன்ஸ்பாகர், அங்கே அஸ்திவாரம் போடப்படுகிறது என்று விளக்கினார். ஏற்கெனவே படித்த நாவலில் அஸ்திவாரம் போட்டாயிற்று. பேரேடு எழுதி அலமாரியில் இருக்கிறது. ‘நந்தினி’ என்று பையன் கூவியவுடன், கணக்கப்பிள்ளை நாலு சீட்டு எழுதவேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டி ஒரு குறி போட்டால் போதும். நன்கு பழகிய துறையில் நெடுநினைவே மேஜையை நீட்டித் தருகிறது என்று ஆண்டர்ஸ் எரிக்சன், வால்ட்டர் கிஞ்ச் இருவரும் 1995இல் எழுதியது இதைத்தான். முன்னறிவின் வலிமைக்கு இன்னொரு சாட்சி: 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படிக்கக் கொடுத்தபோது, ஆட்டம் தெரிந்த மந்தமான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைக் காட்டிலும் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

‘பொன்னியின் செல்வன்’ விஷயத்தில் இன்னொரு அனுகூலமும் உண்டு. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. ஒரு வாரம் முழுவதும் ஆயிரம் கவலைகளில் மூழ்கி எழுந்து, சென்ற இதழில் நடந்ததைப் பாதி மறந்துவிட்டு வருகிற வாசகரை நினைவில் கொண்டே கல்கி அத்தியாயங்களைச் சிறியனவாக வகுத்தார். பாத்திரம் மீண்டும் வரும்போது அதன் அடையாளத்தையும் கூடவே கொண்டுவந்தார். கவனம் அறுந்து அறுந்து வருகிறவர்களுக்காகவே கட்டப்பட்ட வீடு அது. துயரத்திலிருந்து திரும்புகிறவரும் அத்தகைய வாசகரே.

வாசிப்பு துயரத்தைத் தீர்க்கும் மருந்து என்ற விளம்பரத்தை மாத்திரம் நான் ஆச்சிக்குச் சொல்லவில்லை. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில், உயர்ந்த இலக்கியத்தைச் சிறிது நேரம் படித்தவுடனேயே பிறர் மனத்தை அறியும் ஆற்றல் கூடுகிறது என்று ஒரு கட்டுரை வந்து உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. 2016இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் பெரிய அளவில் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. மறுத்துரைத்த செய்தி அவ்வளவு தூரம் பரவவுமில்லை. நாவலை மாத்திரைபோல் அளந்து கொடுப்பவர்கள் நாவலுக்கும் நியாயம் செய்யவில்லை, துயரப்படுபவருக்கும் செய்யவில்லை. படிக்க முடியாதவருக்கு, ‘படித்தால் குணமாகும்’ என்பது இன்னொரு பாரம். தூக்கமும் உணவும் மாதக்கணக்கில் அற்றுப் போயிருந்தால் போகவேண்டியது மருத்துவரிடம்; புத்தகம் காத்திருக்கும்.

காத்திருக்கும் என்று சொல்லிவிடுகிறோம். அதற்கும் யாராவது அதைக் காப்பாற்றி வைக்கவேண்டும். இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்திலுள்ள கோட்டையூரில், ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாளெல்லாம் தமிழ் அச்சுநூல்களையும் இதழ்களையும் திரட்டி, ஏறத்தாழ ஒரு லட்சம் எண்ணிக்கைக்குக் கொண்டுவந்து, 1992இல் காலமானார். சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அது இன்று சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. யாரோ ஒருவர் ஒருகாலத்தில் படித்த நூலுக்கு என்றேனும் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

என் சொந்தத் திரும்புதல் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மூலம் நிகழ்ந்தது. 1972இல் வெளிவந்த அந்த நாவலில், யுத்தகாலத்து மேடான் நகரத்தில் நிற்பவனுடைய நினைவு ஒரே மூச்சில் மதுரைத் தெருக்களுக்குத் தாவிவிடும். கணக்கப்பிள்ளை ஒரு கணம் கண்ணயர்ந்தாலும் கடல் எது, கரை எது என்று தெரியாது. அந்த ஓராண்டில் எட்டு முறை எடுத்து எட்டு முறையும் மூடினேன். முன்பு இருமுறை படித்தது என்பதால் மாத்திரமே ஒன்பதாம் முறை உள்ளே போகமுடிந்தது. கடல் கடந்து வட்டிக்கடைகளிலும் கிட்டங்கிகளிலும் வாழ்ந்தவர்களின் சிதறிய மனம் அதில் சிதறியபடியே எழுதப்பட்டிருப்பதை, என் மனமும் சிதறிக் கிடந்த பிறகுதான் நான் சரியாகப் படித்தேன்.

சென்ற வாரம் ஆச்சியை மறுபடியும் பார்த்தேன். முகத்தில் இன்னும் குறைதான். “ஏரிக்கரைக் கட்டம் இருக்குல்ல தம்பி, ஆடிப்பெருக்கு. முந்தியெல்லாம் மளமளன்னு போயிருவேன். இப்ப ஒரு பக்கத்துக்குள்ளே நாலு தடவை திரும்பித் திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கு. முன்னே திரும்பவே மாட்டேன், சும்மா ஓடும். இப்ப இதுவேற.”

பத்துத் தாவலில் ஒன்று ஏன் பின்னோக்கிப் போகிறது என்பதை அவருக்கு மறுபடி சொன்னேன். பையன் பெரும்பாலும் தானாகத் திரும்புவதில்லை. ‘முந்தின தூணைப் பார்த்துவிட்டு வா’ என்று உள்ளேயிருந்து ஒருவர் சொல்வதால்தான் திரும்புகிறான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆச்சி முதல் பாகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அல்லாமல், ஒரு பக்கம் பின்னோக்கிப் போய், அங்கிருந்து படிக்கத் தொடங்கினார்.