ஒரே படிவம், இரண்டு வலையமைப்புகள்

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லாரி ஆலைக்குப் புறப்படும்போது, கூடவே ஒரு சீட்டும் போகிறது. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு பாரம் என்ற விவரம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். கணினிகள் அனுப்பும் செய்தியும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இப்படி ஒரு சீட்டைத் தாங்கியே செல்கிறது. அதற்குத் தலைப்பகுதி என்று பெயர். எந்த இடத்தில் எந்த விவரம் என்பது முன்னதாகவே வகுக்கப்பட்டிருந்தால்தான் பெறுகிற கணினியால் அதைப் படிக்க முடியும்.

அண்டைத் தோட்டத்தார் அழகாக வகுத்த சீட்டை நாமும் அச்சடித்துக்கொண்டால் என்ன? நேயர்களே, கணினி உலகில் இதுவே நடந்தது. அமெரிக்காவின் செராக்ஸ் நிறுவனம் தன் எக்ஸ்என்எஸ் வலையமைப்புக்கு 30 பைட் நீளமுள்ள தலைப்பகுதி ஒன்றை வகுத்து, 1981இல் வெளியிட்டது. பிழை சரிபார்க்கும் எண், நீளம், கடந்துவந்த வழிகாட்டிக் கணினிகளின் எண்ணிக்கை, பொட்டலத்தின் வகை, பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி என்பது அதன் வரிசை. நாவெல் நிறுவனம் தன் நெட்வேர் வலையமைப்புக்கு இதே அமைப்பை எடுத்துக்கொண்டு ஐபிஎக்ஸ் என்று பெயரிட்டது. இதில் குறை காண நியாயமில்லை. நன்றாக வகுத்த ஒன்றை மறுபடியும் வகுப்பது வீண்வேலை.

இரண்டும் ஒரே கம்பியில் ஓடினாலும் குழப்பமில்லை. ஏனெனில் பொட்டலத்தை மூடும் ஈதர்நெட் உறையின்மேல் உள்ளிருப்பது எவருடையது என்று சொல்லும் வகை எண் உண்டு. செராக்சுக்கு ஓர் எண், நாவெலுக்கு வேறோர் எண்.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. 802.3 என்ற புதிய தரம், உறையில் வகை எண் இருந்த இடத்தில் நீளத்தை எழுதச் சொல்லிற்று. வகையைச் சொல்லும் வேலை 802.2 என்ற அடுத்த பகுதிக்குப் போயிற்று. நாவெலோ அந்தப் பகுதியைச் சேர்க்காமலே பொட்டலங்களை அனுப்பியது. அப்படியானால் அவற்றை எப்படி அடையாளம் காண்பது? ஐபிஎக்சில் பிழை சரிபார்க்கும் கட்டம் பயன்படவில்லை. அதன் 16 பிட்டுகளிலும் ஒன்று என்றே நிரப்பியிருந்தார்கள். செராக்சின் விதிப்படி அதற்குச் ‘சரிபார்ப்பு இல்லை’ என்றே பொருள். அந்த வெற்றுக் கட்டமே இப்போது அடையாளமாயிற்று! பிறகு அதில் உண்மையான சரிபார்ப்பு எண்ணை எழுத வழியில்லை. எழுதினால் அடையாளம் அழிந்துவிடும். 802.2 முறைப்படி படிக்கும் கணினிக்கோ, அதே ஒன்றுகள் ‘எல்லாருக்கும்’ என்ற முகவரியாகத் தோன்றும்.

1993 வாக்கில் வந்த நெட்வேர் பதிப்புகள் 802.2 பகுதியுடன் அனுப்புவதையே இயல்பான முறையாக்கின. அப்போது ஒரே கம்பியில் இணைந்திருந்த பழைய சேவைக் கணினியும் புதிய கணினியும், உறை அமைப்பு ஒன்றாகும்வரை, ஒன்றையொன்று காணாமலே கிடந்தன.