வசைச் சொல்லைப் பெயர்ப்பலகையாக்கிய ஓவியர்

மும்பை: சாதியைச் சொல்லி ஏசுவதற்கென்றே வட மாநிலங்களில் புழங்கிவந்த ஒரு சொல், தாராவியில் தைக்கப்படும் கைப்பைகளின் மீது நிறுவனத்தின் பெயராக ஏறியிருக்கிறது. 'சமார்' என்பது அச்சொல். தோல் தொழில் செய்பவரைக் குறிக்கும் 'சர்மகார்' என்ற வடசொல்லிலிருந்து பிறந்து, காலப்போக்கில் ஒரு சாதியின் பெயராகவும் பின்னர் வசையாகவும் ஆகிவிட்டது. இழிவுபடுத்தும் நோக்கத்துடன் பொது இடத்தில் ஒருவரை இச்சொல்லால் அழைப்பது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே என்று, தில்லியில் பதிவான வழக்கு ஒன்றில் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே சொல்லைத் தமது தொழிற்கூடத்துக்குச் சூட்டியவர் ஓவியர் சுதீர் ராஜ்பர். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர், மும்பையில் வளர்ந்தவர். வசாயில் உள்ள கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்று, பிற கலைஞர்களிடம் உதவியாளராகவும் பணியாற்றினார். சொந்த ஊரில் 'பர்', 'சமார்' என்னும் சாதிப் பெயர்கள் வசையாக வீசப்படுவதைக் கேட்ட அனுபவமே இப்பெயரைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது என்று அவர் பேட்டிகளில் குறிப்பிட்டிருக்கிறார். ஓவியக் கண்காட்சிகளின் உலகம் வேறு, தாராவித் தோல் பட்டறைகளின் உலகம் வேறு. முன்னதில் கற்றதைப் பின்னதற்குக் கொண்டுவந்ததுதான் அவர் செய்த காரியம்.

அதற்கு ஓர் அரசியல் சூழலும் இருந்தது. மகாராஷ்டிரத்தில் பசுவதைக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை உண்டு. அத்தடையைக் காளைகளுக்கும் எருதுகளுக்கும் விரிவுபடுத்தும் திருத்தம் 1995-இல் சட்டப்பேரவையில் நிறைவேறியபோதும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் உறங்கிய அத்திருத்தம் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வெளிமாநிலங்களில் வெட்டப்பட்ட மாட்டின் இறைச்சியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை மும்பை உயர் நீதிமன்றம் 2016 மே மாதம் நீக்கியது. வதைத் தடை நீடித்தது. எருமைத் தோலுக்குத் தடையில்லை. ஆயினும் தோல் வரத்து குறைந்தது, சரக்கை ஏற்றிச் செல்லவே அஞ்சும் நிலை உருவானது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

தோல் இல்லாவிட்டால் தோல் தொழிலாளி என்ன செய்வார்? ராஜ்பர் கண்ட விடை ரப்பர். கழித்துக்கட்டப்பட்ட ரப்பரை மறுசுழற்சி செய்து பெறும் கருநிறத் தகடுகளைத் தோலைப் போலவே வெட்டித் தைக்க இயலும். வடிவத்தை ஓவியர் வரைந்து கொடுக்கிறார். வெட்டும் கையும் தைக்கும் கையும் தலைமுறைகளாக அதே தொழிலைச் செய்து வந்தவர்களுடையவை. பொருள் மாறியது, கைத்திறன் மாறவில்லை. வேலை கிடைத்தது என்பதோடு, எந்தப் பெயரைச் சொல்லக் கூசினார்களோ அதே பெயரில் சரக்கு விற்பனையாகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய உத்தி அன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் தொடங்கிய இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். ஒளித்துவைத்தால் வசையாகவே நிற்கும் சொல்லை முகப்பில் அச்சிட்ட துணிவு அது. நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளியில், பத்திரிகையின் இடத்தில் கைப்பை வந்திருக்கிறது.

தாராவியின் தோல் தொழிலிலும் தமிழர் பங்கு சிறிதன்று. மும்பைத் தமிழர் என்றதும் மாட்டுங்காவின் கோயில்களும் உணவகங்களும், செம்பூரின் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தாராவியின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் கூடங்களில் உழைக்கத் தொடங்கிவிட்டனர். பதனிடும் கூடங்கள் பின்னாளில் வெளியேற்றப்பட்டன. பை, பெல்ட், பணப்பை தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. அவற்றின் சரக்கு பெரும்பாலும் பிறருடைய முத்திரையைத் தாங்கியே கடைக்குப் போகிறது. தைத்தவர் யார் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

ராஜ்பரின் கூடம் உடைத்தது இந்த வழக்கத்தையே. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மியாமி நகரில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சியில் இதன் நாற்காலிகள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்றில் பாடகி ரிஹானா அமர்ந்திருக்கும் படம் பலரது கவனத்தை ஈர்த்தது. மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி 2025 மார்ச் 6-ஆம் தேதி தாராவிக்கு வந்து இக்கூடத்தைப் பார்வையிட்டார். தலைவர்களின் வருகையால் வயிறு நிறைவதில்லை என்பது தாராவி அறிந்ததே. எனினும் சாதித் தொழிலைச் சந்தைப் பெயராக மாற்றும் முயற்சி தேசிய அரசியலின் பேச்சுக்குள் நுழைந்தது அன்றுதான்.

பெயரின் மதிப்பு என்னவென்பதை அதே ஆண்டு ஜூனில் மற்றொரு நிகழ்வு காட்டியது. இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரில் காட்டிய காலணிகள் கோலாப்பூர் செருப்பை ஒத்திருந்தன. கோலாப்பூரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நான்கு நான்கு மாவட்டங்களை உள்ளடக்கிய அச்செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருந்தது. கண்டனங்கள் எழுந்த பிறகே அந்நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. டிசம்பரில் இரு மாநிலங்களின் தோல் தொழில் மேம்பாட்டுக் கழகங்களுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2,000 ஜோடிகள், ஜோடி சுமார் 800 யூரோ என்பது அப்போது அறிவிக்கப்பட்ட திட்டம். குறியீடு சட்டத்தில் இருந்தது. பேரம் பேசும் வலிமை கூச்சலில்தான் பிறந்தது.

தாராவிக்கு அத்தகைய குறியீடு இல்லை. இருப்பது இடம் மட்டுமே. அதுவும் இப்போது கேள்விக்குறியாகியுள்ளது. ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்பிலான மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு. பெருந்திட்டத்துக்கு 2025 மே மாதம் அரசு ஒப்புதல் அளித்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். தகுதியுள்ள தொழிற்கூடங்களுக்கு 225 சதுர அடி வரை இலவசம் என்பது விதி.

தாராவிப் பட்டறைகளோ அகலத்தில் அல்ல, உயரத்தில் வளர்ந்தவை. கீழே கடை, மேலே தையல், அதற்கும் மேலே தொழிலாளர் உறங்கும் இடம் என்பது அங்கே சாதாரணம். தரைத்தளத்தை அளந்து தகுதி நிர்ணயிக்கும் கணக்கில் மேல்தளத்துத் தையல் இயந்திரத்துக்கு என்ன இடம்? வாடகைக் கூடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தைப்பவர் யாருடைய பெயரில் பதிவாவார்? பட்டறையை 225 சதுர அடிக்குள் அடக்கினாலும், அறுக்கக் கொடுக்கும் வீடும் கொக்கி வாங்கும் கடையும் சரக்கெடுக்கும் வியாபாரியும் அதே சந்தில் இருந்தால்தான் அத்தொழில் ஓடும். 2024 மார்ச்சில் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து தாராவித் தெருக்களில் கேட்கப்படும் கேள்விகள் இவை.