குறிப்புக்கு என்ன பெயர் வைக்கலாம்?

குறிப்பெடுக்கும் செயலியில் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினால், அதற்கு ஒவ்வொரு செயலியும் ஒரு பெயர் வைத்திருக்கும். கூகுள் கீப்பில் அது ‘நோட்’. ஒன்நோட்டில் ‘பேஜ்’. டிடில்லிவிக்கியில் ‘டிடிலர்’. வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எவ்வளவு எழுதலாம், எதற்குள் வைக்கலாம் என்பதில் பாதியை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆப்பிள் நிறுவனத்துக்காக பில் அட்கின்சன் உருவாக்கி 1987-இல் வெளியான ஹைப்பர்கார்டு மென்பொருளில் ஒவ்வொரு திரையும் ஒரு ‘கார்டு’. கார்டுகள் சேர்ந்தது ‘ஸ்டாக்’. அட்டை என்றால் இடம் கொஞ்சம்தான், மிச்சத்துக்கு அடுத்த அட்டையை எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒன்நோட் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது: நோட்புக், அதற்குள் செக்‌ஷன், அதற்குள் பேஜ்.

பழகிய பெயரே தவறான எண்ணம் தருவதும் உண்டு. அப்சிடியன் செயலி குறிப்புகளின் இருப்பிடத்தை ‘வால்ட்’, அதாவது பெட்டகம், என்கிறது. பெட்டகம் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். உண்மையில் அது கணினியில் உள்ள சாதாரண ஃபோல்டர்தான். உள்ளே இருக்கும் குறிப்புகளும் எந்த எடிட்டரிலும் திறக்கக்கூடிய எழுத்துக் கோப்புகள்.

டிடிலர் கதை வேறு. ஜெரமி ரஸ்டன் 2004-இல் டிடில்லிவிக்கியை வெளியிட்டார். பிரிட்டனின் பேச்சுவழக்கில் டிடிலர் என்றால் பொடிமீன். எண்ணங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிச் சேமிக்கும் மென்பொருளுக்கு அது பொருத்தம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டறியாதவருக்குத் திரையில் அது எதையும் உணர்த்தாது.

அப்படியானால் ‘நோட்’ என்று மாற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். டிடில்லிவிக்கியில் குறிப்பு மட்டுமல்ல, படம், செட்டிங்ஸ், பக்கத்தின் அலங்காரம், மென்பொருளின் நிரலில் பெரும்பகுதி எல்லாமே டிடிலர்கள். நிரல் துண்டை ‘நோட்’ என்று அழைத்தால் குழப்பம் இடம் மாறுமே தவிர, தீராது. தவிர, உதவி தேடுபவர் ‘நோட்’ என்று இணையத்தில் தேடினால் ஆயிரம் செயலிகள் வந்து நிற்கும். ‘டிடிலர்’ நேராக இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

நோஷன் செயலிக்கும் எல்லாவற்றையும் குறிக்கும் ஒரே பெயர் தேவைப்பட்டது. அங்கே பத்தி, படம், பட்டியல், ஏன், முழுப் பக்கமும்கூட ‘பிளாக்’தான். ஆனால் புதியவரிடம் அது முதலில் ‘பேஜ்’ ஒன்றைத்தான் நீட்டுகிறது. பத்தியைப் பிடித்து இழுத்து இடம் மாற்றும் அளவுக்கு அவர் பழகிய பிறகுதான் ‘பிளாக்’ என்ற பெயருக்கு வேலை வருகிறது.